சான்றிதழ் எடுத்தால் பொடியன் போய்விடுவானா?

மருதானைப் பக்கம் போகும் பஸ்களில் நடத்துநர் "டெக்னிக்கல், டெக்னிக்கல்" என்று கூவுவதைக் கேட்காத வியாபாரி கொழும்பில் இருக்க முடியாது. பஞ்சிகாவத்தைக்கு வாகன உதிரிப்பாகம் தேடி வருகிறவர்களுக்கும், புறக்கோட்டையில் சாமான் ஏற்றிக்கொண்டு மருதானைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கும் அது பழகிப்போன சந்தி. ஆனால் அந்தச் சந்திக்குத் தன் பெயரைக் கொடுத்த தொழினுட்பக் கல்லூரியின் வாசலுக்குள் எமது வர்த்தகர்களில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். "அது படிப்பு ஏறாத பிள்ளைகள் போகும் இடம்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவோம்.

இந்த வாரம் அந்தக் கல்லூரியைப் பற்றியும், அதனோடு இணைந்த தேசிய தொழிற் தகைமை முறையைப் பற்றியும் எழுத எண்ணியதற்குக் காரணம் முழுக்க முழுக்க வியாபாரம்தான். ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையாக இருந்தாலும், கராஜாக இருந்தாலும், அலுமினியம் பொருத்தும் வேலையாக இருந்தாலும் இன்று முதலாளிமார் சொல்லும் முதல் முறைப்பாடு ஒன்றே: "வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை." பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றார்கள். எமது பட்டறைகளில் நின்ற கைதேர்ந்த ஆட்களும் அதில் அடக்கம். மிஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் பாஸுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்கள். கையில் வேலை இருக்கிறது, கடதாசி இல்லை. அந்தக் கடதாசியை எடுத்துக் கொடுப்பதா, கொடுத்தால் ஆள் கைவிட்டுப் போய்விடுவானா என்பதே பலருடைய தடுமாற்றம்.

ஸாஹிராவுக்கு ஒரு வயது இளையது

முதலில் கல்லூரியைப் பற்றிச் சிறிது. 1893 ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கம் மருதானையில் ஒரு தொழினுட்பப் பாடசாலையை ஆரம்பித்தது. ரயில்வே, பொதுவேலைத் திணைக்களம், தந்திச் சேவை, நில அளவை ஆகியவற்றுக்கு உள்ளூரிலேயே ஆட்களைப் பயிற்றி எடுக்க வேண்டிய தேவை அன்றைய அரசுக்கு இருந்தது. பின்னர் அதுவே இலங்கைத் தொழினுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் ஆரம்பிக்கப்படும் வரை இந்த நாட்டில் பொறியியல் படிக்க விரும்பியவருக்கு இருந்த வாசல் மருதானைதான். 1960 இல் கனடாவின் உதவியோடு கட்டுபெத்தையில் செயல்முறைத் தொழினுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டபோது உயர் மட்டப் பாடநெறிகள் அங்கே போயின. அந்த நிறுவனம் வளர்ந்து 1978 இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமானது. இன்று மொரட்டுவையில் மகன் படிக்கிறான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மரத்தின் வேர் டெக்னிக்கல் சந்தியில் இருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு வருடம் முன்னர்தான், 1892 இல், அதே மருதானையில் எமது ஸாஹிராக் கல்லூரி தோன்றியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வாப்பிச்சி மரைக்கார் யார்? கட்டட ஒப்பந்தக்காரர். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். கல்லையும் சுண்ணாம்பையும் மரத்தையும் கைகளால் அறிந்த பரம்பரையில் வந்தவர். கைத்தொழில் எமக்குத் தூரமானது, வியாபாரம் மட்டுமே எமது சொத்து என்று பேசுகிறவர்கள் நூதனசாலைப் பக்கம் ஒருமுறை போய் வரலாம்.

இன்று மருதானைக் கல்லூரி தொழினுட்பக் கல்வி, பயிற்சித் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது. மாகாணத்துக்கு ஒன்றாக 9 தொழினுட்பவியல் கல்லூரிகள் நாட்டில் இருக்கின்றன. மேல் மாகாணத்துக்குரியது மருதானை. இவற்றுக்குக் கீழே பல ஊர்களில் தொழினுட்பக் கல்லூரிகள் உள்ளன. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருப்பவை எமது கிழக்கு மாகாண வாசகர்களுக்குத் தெரிந்தவையே.

கல்லூரியில் மின் வயரிங், மோட்டார் மெக்கானிக், குளிரூட்டல் மற்றும் ஏ.சி., வெல்டிங், லேத் வேலை, கட்டட வரைபடம், கணிய அளவை, கணினி, கணக்கியல் என்று பல துறைகள். முழுநேரமும் உண்டு, வேலை செய்பவர்களுக்காகப் பகுதிநேரமும் உண்டு. முழுநேரப் பாடநெறிகள் இலவசம். பகுதிநேரத்துக்குக் கட்டணம் உண்டு. குடும்ப வருமானம் குறைந்த, ஒழுங்காக வகுப்புக்கு வருகின்ற மாணவர்களுக்கு மாதக் கொடுப்பனவும் பருவச்சீட்டுச் சலுகையும் கிடைக்கின்றன.

ஒரு விடயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எச்.என்.டி.ஏ. என்று நாம் சொல்லும் கணக்கியல் உயர் டிப்ளோமா முன்னர் தொழினுட்பக் கல்லூரிகளோடு இருந்தது. 1995 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னர் அது உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்துக்குச் சென்றுவிட்டது. கொழும்பில் அதற்குத் தெஹிவளைக்குப் போக வேண்டும். மருதானைக்குப் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வருவதில் பயனில்லை.

நான்காம் மட்டம் என்றால் என்ன?

முன்னொரு காலத்தில் ஒவ்வொரு பயிற்சி நிலையமும் தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு சான்றிதழைக் கொடுத்தது. மூன்று மாதம் படித்தவனும் டிப்ளோமா, மூன்று வருடம் படித்தவனும் டிப்ளோமா. எதை நம்புவது என்று முதலாளிக்குத் தெரியாது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உருவாக்கப்பட்டு, 2000 களின் நடுப்பகுதியில் தேசிய தொழிற் தகைமை முறை, அதாவது என்.வி.கியூ., நடைமுறைக்கு வந்தது. இதில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் தேசிய சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமமானது. ஏழாம் மட்டம் வரை போக விரும்புவோருக்கென 2008 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இரத்மலானையில் ஒரு தொழினுட்பவியல் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

கராஜ் மொழியில் சொல்வதானால் இப்படி: இரண்டாம் மட்டத்தான் பாஸ் பக்கத்தில் நிற்க, சொன்ன வேலையைச் சரியாகச் செய்வான். மூன்றாம் மட்டத்தான் இடையிடையே பார்த்தால் போதும். நான்காம் மட்டத்தான் வாகனத்தை வாங்கி, கோளாறைக் கண்டுபிடித்து, தானே செய்து முடித்து, உரியவரிடம் கையளிப்பான். ஐந்தாம் மட்டத்தான் நான்கு பேரை வைத்து வேலை வாங்குவான். ஆகவே ஆள் எடுக்கும்போது "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்பது போதாது. "எத்தனையாம் மட்டம், எந்தத் தொழிலில்?" என்று கேட்க வேண்டும். இரண்டாம் மட்டத்தானை நான்காம் மட்டத்தானின் வேலைக்கு அனுப்பிவிட்டு, பிறகு "கல்லூரியில் ஒன்றும் படிப்பிக்கவில்லை" என்று குறை சொல்வது நியாயமாகாது.

இந்த மட்டங்கள் எழுத்துப் பரீட்சையில் எடுத்த புள்ளியை வைத்துக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தேர்ச்சி நியமம் எழுதப்பட்டிருக்கிறது. அதில் உள்ள வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். முடிவு "தேர்ச்சி பெற்றவர்" அல்லது "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்பதுதான். நூற்றுக்கு நாற்பது எடுத்துப் பாஸாகும் கதை இங்கே கிடையாது. பாதி பிரேக் செய்யத் தெரிந்த மெக்கானிக்கால் யாருக்கு என்ன பயன்?

ஏ.சி. பொருத்தும் பாஸ்

"சான்றிதழ் இல்லாமலே இருபது வருடம் வேலை நடந்ததே" என்று சிலர் கேட்பது விளங்குகிறது. நடந்தது. ஆனால் வேலை மாறிவிட்டது. இதை ஏ.சி. வியாபாரத்தை வைத்துப் பார்ப்போம். முதலாம் குறுக்குத் தெருவில் நிற்கும் வாசகர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் மற்றவர்களுக்காக.

பழைய ஏ.சி.களில் இருந்தது ஆர் 22 என்ற வாயு. ஓசோன் படலத்தைப் பாதுகாப்பதற்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி அதன் பாவனை படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது. எம்மைப் போன்ற நாடுகள் 2030 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். அதன் இடத்துக்கு வந்தவை ஆர் 410 ஏ, ஆர் 32 முதலியன. ஆர் 410 ஏ இயங்கும் அழுத்தம் ஆர் 22 ஐ விட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பழைய கேஜ், பழைய ஹோஸ், மெல்லிய செப்புக் குழாய் இதற்குத் தாங்காது. அதோடு இதில் பாவிக்கும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். குழாயைப் பொருத்திய பின்னர் வெக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் முழுவதுமாக இழுத்தெடுக்காவிட்டால், உள்ளே அமிலம் உண்டாகி கம்ப்ரசரைத் தின்னத் தொடங்கும். பார்த்துப் பழகிய பாஸ் பம்ப் போட மாட்டார். கொஞ்சம் வாயுவைத் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு "சரி" என்பார். அன்றைக்கு ஏ.சி. நன்றாகவே குளிரும். சில மாதங்கள் போன பின்னர் கம்ப்ரசர் போகும். வாடிக்கையாளர் வந்து நிற்பது பாஸின் வீட்டு வாசலிலா, உங்கள் கடை வாசலிலா?

ஆர் 32 தீப்பற்றக்கூடியது, வேகம் குறைவுதான். ஆனால் இன்று புதிய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர் 600 ஏ, சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்தது. உள்ளே வாயு இருப்பதை அறியாமல் குழாயில் நெருப்பை வைத்து ஒட்டப் போனால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கசிவு பார்க்க நைதரசனுக்குப் பதிலாக ஒட்சிசன் சிலிண்டரைக் கொழுவுவது இன்னும் பயங்கரம். எண்ணெயும் அழுத்தமான ஒட்சிசனும் சேர்ந்தால் வெடிக்கும். ஒழுங்கான பயிற்சியில் இது முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று. பார்த்துப் பழகுபவருக்கு இதை யார் சொல்வது?

கராஜ்காரருக்கும் இதே கதைதான். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாடு முழுவதும் பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓட்டியது. பஞ்சிகாவத்தைக்கு அது நல்ல காலம். ஆனால் திருத்த வந்தவற்றில் ஏராளமானவை ஹைபிரிட். ப்ரியஸ் ஒன்றின் பெரிய பற்றரி 200 வோல்ட் அளவு. ஆரஞ்சு நிற வயரில் கைவைக்கு முன்னர் பாதுகாப்பு பிளக்கைக் கழற்ற வேண்டும், கழற்றிய பின்னரும் மின் தேங்கியிருப்பது இறங்கும் வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். 12 வோல்ட் பற்றரியோடு வளர்ந்த பாஸுக்கு இது பழக்கமில்லை. ஆள் உயிர் போனால் நட்டஈட்டைப் பற்றி மட்டும் பேசித் தீராது.

கையில் வேலை இருப்பவனுக்கு வகுப்பு வேண்டாம்

முதலாளிமாருக்கு மிகவும் பயன்படக்கூடிய, ஆனால் மிகக் குறைவாக அறியப்பட்ட விடயத்துக்கு இப்போது வருகிறேன். உங்கள் கடையில் பத்து வருடமாக நிற்கும் ஒருவர் என்.வி.கியூ. சான்றிதழ் பெறுவதற்குக் கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை. "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்று ஒரு முறை இருக்கிறது. அலுவலகங்களில் ஆங்கில எழுத்துக்களில் ஆர்.பி.எல். என்றே சொல்வார்கள், அப்படிக் கேட்டால்தான் விளங்கும். இதை முக்கியமாகச் செய்வது நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. மாவட்டந்தோறும் அதற்கு அலுவலகம் உண்டு.

நடைமுறை இதுதான். அவர் விண்ணப்பத்தை நிரப்பி, மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கட்டி, தான் இந்தத் தொழிலைச் செய்து வந்ததற்கான அத்தாட்சிகளைச் சேர்க்க வேண்டும். முதலாளியின் சேவைக் கடிதம், செய்த வேலைகளின் புகைப்படம், பில்கள், முன்னர் எடுத்த சிறு பயிற்சிகளின் கடிதங்கள் எல்லாம் இதில் அடங்கும். அனுமதிப்பத்திரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் அவற்றைப் பார்த்து, கேள்வி கேட்டு, பின்னர் வேலையைச் செய்து காட்டச் சொல்வார். எல்லாப் பகுதிகளிலும் தேறினால் முழுச் சான்றிதழ். சிலவற்றில் மட்டும் தேறினால், தேறிய பகுதிகளுக்கு ஒரு பதிவு கிடைக்கும். குறையை நிரப்பிக்கொண்டு மீண்டும் வரலாம். அந்தக் குறையை நிரப்பத்தான் மருதானைப் பகுதிநேர வகுப்புகள் உதவும். வயரிங்காரருக்கு மின்சுற்று வரைபடம் வாசிக்கத் தெரியாது, ஏ.சி.காரருக்கு அளவு கணக்குத் தெரியாது என்பது போன்ற குறைகளே பெரும்பாலும் இருக்கும்.

ஓ.எல். சித்தி இல்லாதவரும் இந்த வழியால் போகலாம் என்பதைக் கவனியுங்கள். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பன்னிரண்டு வருடம் பஞ்சிகாவத்தையில் எஞ்சின் கழற்றிய ஒருவருக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு சான்றிதழ் வருவது சின்ன விடயமல்ல. பெண் பார்க்கும் வீட்டிலிருந்து வெளிநாட்டு ஏஜன்சி வரை அந்தக் கடதாசி பேசும்.

சேவைக் கடிதம் என்றதும் சில முதலாளிமாரின் முகம் மாறும். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. பத்து வருடம் வேலை செய்தார் என்று கையெழுத்து வைத்தால், பத்து வருட ஊழியர் சேமலாப நிதி எங்கே என்ற கேள்வி வரும். முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12, ஊழியரின் பங்கு 8, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3. ஒரே ஒருவரை வைத்து வேலை வாங்கினாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும் என்பதே சட்டம். அதைக் கட்டாமல் விட்டவர், சான்றிதழ் எடுத்தால் ஆள் போய்விடுவான் என்று பயப்படுவதாகச் சொல்வதில் முழு உண்மை இல்லை.

போய்விடுவானா?

பயம் நியாயமானதே. சான்றிதழ் எடுத்தவர்களில் சிலர் போகத்தான் செய்வார்கள். கட்டாருக்கோ துபாய்க்கோ கூலியாளாகப் போவதற்கும் ஏ.சி. டெக்னீஷியனாகப் போவதற்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் சான்றிதழ் கொடுக்காமல் விட்டால் நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 2022 இல் போனவர்களை எந்த முதலாளி கடதாசி கொடுக்காமல் பிடித்து வைத்தார்? கடன் வாங்கியும், மனைவியின் நகையை அடகு வைத்தும், எந்தத் தகைமையும் இல்லாமல் போனார்கள். ஆகவே கேள்வி "போவானா, நிற்பானா" என்பதில் இல்லை. இருக்கும் காலத்தில் அவர் உங்களுக்கு எப்படி வேலை செய்கிறார் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு கடை மாதம் 20 ஏ.சி. பொருத்துகிறது, அதில் 3 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வாகனம், இரண்டு ஆட்களின் அரை நாள், வாயு, சில நேரம் ஒரு கம்ப்ரசர். மூன்றை ஒன்றாகக் குறைத்தாலே மதிப்பீட்டுக் கட்டணமும், அவர் வகுப்புக்குப் போன சனிக்கிழமைகளின் நட்டமும் சேர்ந்து திரும்பிவிடும். இதை உங்கள் சொந்தக் கொப்பியில் போட்டுப் பார்க்கலாம். திரும்பி வந்த வேலைகளைத் தனியாக எழுதி வைக்கும் பழக்கம் எமது கடைகளில் குறைவு. அதனால்தான் அந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, பெரிய நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் ஏ.சி. பராமரிப்பு, வயரிங் போன்றவற்றுக்கு விலைமனு கோரும்போது வேலை செய்ய வரும் ஆட்களின் தகைமையைக் கேட்பது வழமை. விலையில் குறைந்தவராக இருந்தும், காட்டுவதற்கு ஒரு சான்றிதழ்கூட இல்லாததால் வெளியே நிற்கும் எமது வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர்களாகப் பதிவு பெறும்போதும் தொழினுட்ப ஊழியர் யார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். கடையில் நிற்கும் ஒரு நான்காம் மட்டத்தான், சம்பளம் வாங்குபவராக மட்டுமின்றி, புதிய வேலை பிடித்துத் தரும் ஆளாகவும் இருக்கிறார்.

சில முதலாளிமார் செலவைத் தாங்கி, "இத்தனை மாதம் என்னோடு நிற்க வேண்டும்" என்று எழுதி வாங்குகிறார்கள். குறுகிய காலத்துக்கு, செலவின் அளவுக்கு ஏற்ப, இருவரும் விளங்கி ஒப்புக்கொண்டால் அதில் பிழை சொல்ல முடியாது. கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ அலமாரியில் பூட்டி வைப்பது வேறு கதை. அப்படிப் பிடித்து வைத்த ஆள் மனம் வைத்து வேலை செய்ய மாட்டார். சான்றிதழ் வந்த மாதமே சம்பளத்தையும் ஓரளவு கூட்டிக் கொடுத்தவர்களின் கடையில்தான் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது எனது அவதானம்.

"பக்கத்திலேயே கடை போட்டுவிடுவான்" என்ற பயமும் உண்டு. போடலாம். இன்றைய முதலாளிமாரில் பலர் நேற்று இன்னொருவரின் கடையில் நின்றவர்கள்தானே. ஆனால் தனியாக ரிப்பெயார் தொடங்கும் ஒருவர் உதிரிப்பாகத்தையும் வாயுவையும் செப்புக் குழாயையும் எங்கே வாங்குவார்? முகம் கோணாமல் அனுப்பி வைத்த முதலாளியிடம்தான் முதலில் வருவார், அதுவும் கடனுக்கு. அந்தக் கடனைக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம்!

பயிற்சிக்கு வருபவர்கள்

புதிய ஆள் தேடுபவர்களுக்கும் கல்லூரியால் பயன் உண்டு. முழுநேரப் பாடநெறி படிப்பவர்கள் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் சில மாதங்கள் ஒரு வேலைத்தளத்தில் பயிற்சி பெற வேண்டும். அவர்களை எடுத்துக்கொள்ள இடம் தேடிக் கல்லூரி அலைகிறது, ஆள் தேடி நாம் அலைகிறோம். இரண்டு அலைச்சலும் ஒரே சந்தியில்! கல்லூரியின் பயிற்சி அலுவலருக்கு உங்கள் நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் இத்தனை பேருக்கு இடம் தரலாம், இன்னின்ன வேலை பழக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்தச் சில மாதங்களில் ஆளின் நேர்மையும் கைவேலையும் தெரிந்துவிடும். நல்லவரை வைத்துக்கொள்ளலாம்.

நைட்டா வழியாகப் பயிலுநர் எடுப்பதும் ஒரு வழி. அங்கே கடை, பயிலுநர், அதிகாரசபை மூவரும் உடன்படிக்கை செய்கிறார்கள். எமது பழைய கோலயா முறையைப் போன்றதுதான், ஆனால் எவ்வளவு காலம், எதைப் பழக்க வேண்டும், என்ன கொடுப்பனவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். இரண்டு வருடமாகத் தேநீர் வாங்கவும் சாமான் தூக்கவும் மட்டும் ஆளைப் பாவித்துவிட்டு "பழக்கினேன்" என்று சொல்ல முடியாது. சிலருக்கு அதுதான் கசக்கிறது.

கல்லூரியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எந்த அரசாங்கக் கல்லூரியிலும் சந்தைக்கு வந்த புதிய இயந்திரம் அதே வருடம் பட்டறைக்கு வந்து சேராது. ஆகவே கல்லூரியிலிருந்து வருபவரிடம் அடிப்படையை எதிர்பாருங்கள், உங்கள் கடையில் விற்கும் புதிய மொடலை நீங்களே பழக்க வேண்டியிருக்கும். விற்காமல் கிடக்கும் ஒரு டிஸ்ப்ளே ஏ.சி.யையோ, விபத்தில் நொறுங்கிய ஹைபிரிட் ஒன்றின் பாகங்களையோ கல்லூரிப் பட்டறைக்குக் கொடுத்தால் அது வீணாகாது. அதைக் கழற்றிப் பழகியவர்களில் ஒருவர்தான் நாளை உங்களிடம் வேலை கேட்டு வரப் போகிறார்.

மொழி எமது பிள்ளைகளுக்கு உண்மையான பிரச்சினை. எல்லாப் பாடநெறியும் எல்லா மொழியிலும் எல்லாக் கல்லூரியிலும் நடப்பதில்லை. மருதானைக்கு விண்ணப்பிக்கு முன்னர் குறித்த பாடநெறி எந்த மொழிமூலம் நடக்கிறது என்று நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். கொழும்பில் வளர்ந்து சிங்களம் தண்ணீர்பட்ட பாடாக இருக்கும் பிள்ளைக்குச் சமாளிக்க முடியும். கிழக்கிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்து கடையில் நிற்பவருக்கு ஊர்ப் பக்கத்துத் தமிழ்மூலக் கல்லூரியே சுகம். ஆர்.பி.எல். மதிப்பீட்டுக்குப் போகும்போதும் தமிழில் கேள்வி கேட்கக்கூடிய மதிப்பீட்டாளர் வேண்டும் என்று விண்ணப்பத்தைக் கொடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். வேலை தெரிந்த ஒருவர் கேள்வி விளங்காமல் "தேர்ச்சி பெறவில்லை" என்று திரும்பி வருவது அநியாயம்.

கல்லூரி அனுமதிக்கான அறிவித்தல் வழமையாக ஆண்டின் கடைசி மாதங்களில் பத்திரிகைகளிலும் வர்த்தமானியிலும் வெளிவரும், வகுப்புகள் புத்தாண்டில் தொடங்கும். சில பாடநெறிகளுக்கு ஒன்பதாம் ஆண்டு வரை படித்திருந்தால் போதும். சிலவற்றுக்கு ஓ.எல். பரீட்சையில் கணிதம் உட்படச் சித்திகள் கேட்பார்கள். ஓ.எல். பெறுபேறு வந்தவுடன் வீட்டில் அழுகையும் ஏச்சுமாக இரண்டு மாதம் போய், அதற்கிடையில் விண்ணப்பத் திகதி முடிந்துவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. நைட்டாவின் ஆர்.பி.எல். விண்ணப்பத்துக்கு இப்படியான பருவம் கிடையாது. தேசிய அடையாள அட்டையின் பிரதி, சேவைக் கடிதம், வேலைகளின் நாலைந்து நல்ல புகைப்படங்கள் ஆகியவற்றோடு உங்கள் ஊழியரை ஒரு வார நாளில் அரை நாள் விடுமுறை கொடுத்து அனுப்புங்கள். அந்த அரை நாளின் சம்பளத்தை வெட்ட வேண்டாம்.